கையை எடுக்கும் நேரம்

எட்டுக் கிண்ணங்கள் ஒரே பலகையில் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. எட்டுப் பேருக்கும் ஒரே மண். ஆளுக்கு 500 கிராம் என்று நிறுத்துத்தான் கொடுத்தார்கள். உயரம் 8 சென்டிமீட்டர், வாய் 14 சென்டிமீட்டர் என்று டீச்சர் ஒரு குச்சியில் குறி போட்டுக் கொடுத்திருந்தார். அதை வைத்து அளந்து அளந்துதான் எல்லோரும் வனைந்தோம். பெயரை அடியில் கீறியிருந்ததால் மேலாகப் பார்த்தால் எது யாருடையது என்று தெரியாது. என்னாலேயே என்னுடையதைச் சட்டென்று அடையாளம் காண முடியவில்லை. பக்கத்துச் சக்கரத்தில் உட்காரும் பெரியவர் பலகை முன்னால் வந்து நின்றார். அதிகம் பேசாதவர். மூன்று மாதத்தில் என்னோடு பத்து வார்த்தை பேசியிருந்தால் அதிகம். ஒருமுறை வரிசையைப் பார்த்தார். ஆறாவது கிண்ணத்தைக் காட்டி, "இது உங்களோடதும்மா" என்றார். மெதுவாகத் தூக்கி அடியைப் பார்த்தேன். என் பெயர்தான்.

"எப்படி சார் கண்டுபிடிச்சீங்க?"

"விளிம்பைப் பாருங்க. கையை எடுக்க மனசே இல்லாம எடுத்த மாதிரி இருக்கு."

சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டார். அதில் குறை சொல்லும் தொனி கொஞ்சமும் இல்லை. மழை வரும் போலிருக்கிறது என்று சொல்வதைப் போலச் சொன்னார். ஆனால் அந்த ஒரு வரி ஒன்றரை வருடமாக என்னை விடவில்லை. அது உண்மையா, உண்மையென்றால் அவருக்கு எப்படித் தெரிந்தது, ஒரு கிண்ணத்தின் விளிம்பில் ஒரு ஆள் தெரிய முடியுமா என்று திரும்பத் திரும்ப அதிலேயே வந்து நிற்கிறேன். எழுதிப் பார்த்தால் கொஞ்சம் தெளியும் என்று தோன்றியது.

அதுவரை நான் இந்தப் பேச்சுக்கு எதிர்க்கட்சி. மண்ணைத் தொட்டால் மனசு தெரிந்துவிடும், பொறுமைசாலி வனைந்தால் பானை நேராக வரும், படபடப்பானவன் வனைந்தால் கோணும் என்றெல்லாம் சொல்வார்கள். எனக்கு அது கைரேகை ஜோசியம் மாதிரிதான் பட்டது. கையெழுத்து நன்றாக இருந்தால் தலையெழுத்து நன்றாக இருக்காது என்று பள்ளிக்கூடத்தில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். கோழிக் கிறுக்கலாக எழுதியவர்கள் பொறுப்பான மனிதர்களாகவும், முத்து முத்தாக எழுதியவர்கள் வாக்குத் தவறுகிறவர்களாகவும் வளர்ந்ததைப் பார்த்திருக்கிறேன். கை செய்வதை வைத்து ஆளை எடைபோடுவது அநியாயம் என்றுதான் நினைத்தேன். இப்போதும் பாதிக்கு மேல் அப்படித்தான் நினைக்கிறேன்.

அதற்கு எங்கள் வகுப்பிலேயே சாட்சி உண்டு. கல்லூரி முடித்த ஒரு பெண். ஒரு நிமிடம் உட்கார முடியாது. பேசிக்கொண்டே வருவாள், பேசிக்கொண்டே மண்ணைப் பிசைவாள், யாராவது அழைத்தால் சக்கரத்தை ஓடவிட்டபடி எழுந்து போவாள். ஆனால் எங்களில் முதலில் மையம் பிடித்தது, அதாவது சுற்றும் மண்ணை ஆடாமல் சக்கரத்தின் நடுவில் நிறுத்தியது, அவள்தான். இரண்டாவது வகுப்பிலேயே மண் அவள் கையில் அசையாமல் நின்றது. நானோ அமைதியாக, மூச்சை எண்ணிக்கொண்டு, கண்ணை மூடிக்கூடப் பார்த்தேன். ஐந்து வாரம் மண் என் உள்ளங்கையில் தடதடவென்று அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் டீச்சர் வந்து என் இடது முழங்கையைப் பிடித்துத் தொடையோடு சேர்த்து அழுத்தி வைத்தார். "கையால தள்ளாதீங்க. உடம்பை முன்னால சாயுங்க, அது தள்ளட்டும்" என்றார். பத்து விநாடியில் மண் நின்றுவிட்டது. என் மனசு அப்போது ஒருநிலைப்படவே இல்லை. காலையில் வீட்டில் நடந்த ஒரு சண்டைதான் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. அசையும் மண்ணுக்கு அசையாத ஒரு பொருள் எதிரில் இருந்தால் போதும். அது எலும்பும் எடையும் சேர்ந்த விஷயம். இதைத் தியானம் என்று சொல்லிச் சொல்லி, மையம் பிடிக்க வராத எத்தனையோ பேரைத் தங்கள் மனசில்தான் ஏதோ கோளாறு என்று நம்ப வைத்துவிட்டார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் உண்டு.

சரி, அப்படியென்றால் பெரியவர் சொன்னது?

உள்ளே ஒரு சுருள்

அடுத்த வாரம் அவரிடமே கேட்டேன். கிண்ணம் அதற்குள் பிஸ்க் என்கிற முதல் சுடுதலுக்குச் சூளைக்குப் போய், 1,000 டிகிரியை ஒட்டிய சூட்டில் வெந்து, வெளிறிய இளஞ்சிவப்பாக வந்திருந்தது. அவர் அதை என் கையில் கொடுத்து, உள்ளே விரலை விடச் சொன்னார். "அடியிலேர்ந்து மெதுவா மேல வாங்க." வந்தேன். சக்கரத்தில் வனைந்த எதற்கும் உள்பக்கம் மெல்லிய வரிகள் இருக்கும். பார்க்க வளையம் வளையமாகத் தெரிந்தாலும் உண்மையில் அது அடியிலிருந்து விளிம்பு வரை ஏறும் ஒரே சுருள். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும்போது விரல் எவ்வளவு உயர்ந்ததோ அதுதான் இரண்டு வரிகளுக்கு நடுவில் இருக்கும் இடைவெளி. கை சரசரவென்று ஏறியிருந்தால் வரிகள் அகலமாக விழும். தயங்கினால் நெருங்கும். நின்றுவிட்டால் ஒன்றன்மேல் ஒன்று படிந்து வழுவழுப்பாகிவிடும்.

என் கிண்ணத்தில் கீழே இரண்டு விரற்கடை வரை வரிகள் சீராக இருந்தன. நடுவில் இன்னும் அகலம். விளிம்புக்கு ஒரு விரற்கடை இருக்கும்போது அவை நெருங்க ஆரம்பித்தன. நெருங்கி நெருங்கி, கடைசியில் வரியே இல்லாமல் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. விளிம்பு மட்டும் மெலிந்து, நகத்தின் கனத்துக்கு வந்திருந்தது. ஒரே இடத்தில் சக்கரம் முப்பது, நாற்பது சுற்றுச் சுற்றியிருக்க வேண்டும். கை அங்கேயே நின்றிருக்கிறது. வேலை முடிந்த பிறகும் நின்றிருக்கிறது. "இப்போ என்னோடதைத் தொடுங்க" என்று அவருடையதைக் கொடுத்தார். அதில் வரிகள் அடியிலிருந்து ஒரே அளவில் ஏறி, விளிம்பில் வந்து வெடுக்கென்று முடிந்தன. விளிம்பு கொஞ்சம் தடிமன்தான், கொஞ்சம் அலைகூட இருந்தது. அதைப் பற்றி அவருக்கு எந்தக் கவலையும் இல்லை. மேலே வந்தாயிற்று, இறங்கியாயிற்று.

அவர் என் மனசைப் படிக்கவில்லை, என் கை எங்கே எவ்வளவு நேரம் இருந்தது என்பதைத்தான் படித்தார் என்று அன்றைக்குப் புரிந்தது. எனக்கு அது பெரிய வித்தியாசமாகப் பட்டது. மண்ணுக்கு நாம் என்ன நினைத்தோம் என்று தெரியாது. என்ன செய்தோம் என்பது மட்டும் அப்படியே பதியும். பழைய பானை ஓடுகளில் பதிந்திருக்கும் விரல்ரேகைகளை வைத்து ஆய்வாளர்கள் அந்தப் பானையைத் தொட்டது குழந்தையா பெரியவரா என்று கணிக்கிறார்கள். குழந்தையின் விரலில் ரேகைகள் நெருக்கமாகவும் வளர வளர அகலமாகவும் இருக்கும் என்பதால் அது முடிகிறது. ஆயிரம் வருடத்துக்கு முந்தைய ஒரு குழந்தை பானையைத் தொட்டது என்று சொல்லலாம். அது ஆசையாகத் தொட்டதா, அடித்து வேலைக்கு உட்கார வைக்கப்பட்டதா என்று ரேகை சொல்லாது.

மண்ணுக்கு ஞாபகம் உண்டு என்று வனைகிறவர்கள் சொல்வது இதைத்தான். ஒருமுறை ஒரு குவளையைச் சக்கரத்திலிருந்து நூலால் அறுத்துத் தூக்கும்போது கை அழுந்தி, வாய் நீள்வட்டமாகிவிட்டது. பதறிப்போய் மெதுவாக எதிர்ப்பக்கம் அழுத்தி வட்டமாக்கினேன். காய்ந்தபோது வட்டமாகத்தான் இருந்தது. யாருக்கும் சொல்லவில்லை. கிளேஸ் என்கிற கண்ணாடிப் பூச்சைப் பூசி 1,220 டிகிரியில் சுட்டு எடுத்தபோது அது மறுபடி நீள்வட்டமாக வந்தது. களிமண் என்பது கண்ணுக்குத் தெரியாத தட்டைத் தட்டையான துகள்கள். தூக்கும்போது என் கை அவற்றை ஒரு பக்கமாக ஒதுக்கியிருந்தது. அப்புறம் வெளியிலிருந்து வடிவத்தைத்தான் திருத்தினேன், உள்ளே துகள்கள் ஒதுங்கியபடியே கிடந்தன. சூளையில் மண் இளகிச் சுருங்கும்போது பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது. அந்தக் குவளை இன்னும் என்னிடம் இருக்கிறது. அதில் பேனாக்களைப் போட்டு வைத்திருக்கிறேன்.

ஒரே சூளை, இரண்டு பேர்

செய்ததுதான் பதியும் என்றால், ஒரே மண்ணில், ஒரே இடத்தில், ஒரே முறையில் பழகிய இரண்டு பேர் ஒரே மாதிரி செய்ய வேண்டாமா? இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு லூசி ரீயும் ஹான்ஸ் கோப்பரும்தான் ஞாபகத்துக்கு வருகிறார்கள். 1902-இல் வியன்னாவில் பிறந்த லூசி ரீ, நாஜிகளிடமிருந்து தப்பி 1938-இல் லண்டனுக்கு வந்தவர். ஒரு சின்னப் பட்டறையை வைத்துக்கொண்டு, போர்க்காலத்தில் துணிகளுக்கு மண் பொத்தான்கள் செய்து பிழைத்தார். 1946-இல் அந்தப் பொத்தான் வேலைக்கு உதவிக்கு வந்தவர்தான் கோப்பர். ஜெர்மனியிலிருந்து வந்த அகதி, அதற்கு முன் மண்ணைத் தொட்டதில்லை. 1958 வரை அதே பட்டறையில் இருந்தார். சேர்ந்து செய்த சாப்பாட்டுப் பாத்திரங்களின் அடியில் இரண்டு பேர் முத்திரையும் இருக்கும்.

பன்னிரண்டு வருடம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்தவர்கள். ஆனால் அவரவர் தனியாகச் செய்ததைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் திகைப்பாக இருக்கிறது. ரீயின் கிண்ணம் ஒரு சின்ன அடியிலிருந்து எழுந்து மலர்ந்து, விளிம்பில் காகிதமாக மெலிகிறது. மேலே ஊசியால் கீறிய மயிரிழைக் கோடுகள், ஒவ்வொன்றும் கையால் இழுத்தவை. கோப்பரோ தனித்தனியாக வனைந்த துண்டுகளை வெட்டி, அமுக்கி, ஒன்றன்மேல் ஒன்று ஒட்டி எழுப்பினார். மேல்பரப்பைச் சுரண்டி, பூசி, மறுபடி சுரண்டி, பல காலம் வெயிலில் கிடந்த கல் மாதிரி ஆக்கினார். சூளை ஒன்று. சக்கரங்கள் ஒரே அறையில். ஒருவருடையதை இன்னொருவருடையது என்று யாரும் ஏமாற முடியாது.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது வேறொரு இடம். அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் மண்பாண்டக் கலை என்றால் பெர்னார்ட் லீச் சொன்னதுதான் சட்டம். அவருக்கு ரீயின் பாத்திரங்கள் மெலிவாகப் பட்டன, கனம் போதாது என்று நினைத்தார். ரீ அவர் பேச்சுக்கு மதிப்புக் கொடுத்துக் கொஞ்ச காலம் தடித்த பாத்திரங்கள் செய்துபார்த்தார். ஒட்டவில்லை. உங்கள் வழியிலேயே போங்கள் என்று தைரியம் கொடுத்தது கோப்பர். முந்தாநாள் வந்து சேர்ந்த உதவியாள். ரீ தன் மெலிந்த கிண்ணங்களுக்குத் திரும்பினார், கடைசிவரை அங்கேயே இருந்தார். ரீக்குத் தடிமனாகச் செய்யத் தெரியாமல் இல்லை. தடிமனான சுவர்தான் சுலபம், எந்தப் புதியவரும் செய்வார். தெரிந்தும், முயன்றும், பெரியவர் ஒருவர் சொல்லியும், கை போக மறுத்த இடம் அது. ஒரு ஆள் எங்கே இருக்கிறார் என்று தேடினால் அந்த இடத்தில்தான் தேடுவேன்.

ஷோஜி ஹமாடாவை யோசித்தால் இன்னும் சுவாரஸ்யம். லீச்சோடு 1920-இல் இங்கிலாந்துக்குப் போய் செயின்ட் ஐவ்ஸ் பட்டறையைத் தொடங்கியவர். ஜப்பானுக்குத் திரும்பிய பிறகு பாத்திரங்களின் அடியில் தன் முத்திரை போடுவதையே நிறுத்திவிட்டார். பாத்திரத்தை வைக்கும் மரப்பெட்டியில்தான் கையெழுத்து. பெயர் தெரியாத கைவினைஞர்கள் பரம்பரை பரம்பரையாகச் செய்த சாதாரணப் பாத்திரங்கள்தான் உயர்ந்த அழகு என்று நம்பிய கூட்டத்தில் அவர் ஒருவர். தன்னை மறைத்துக்கொள்ள விரும்பியவர். ஆனால் இன்றைக்கும் ஒரு ஹமாடா பாத்திரத்தைப் பார்த்தால், முத்திரை இல்லாமலேயே, அது ஹமாடா என்று பழகிய கண்ணுக்குத் தெரியும். அந்தத் தோளின் தடிமனில், கிளேஸை ஒரு வீச்சில் ஊற்றிவிட்டுத் திரும்பிப் பார்க்காத அந்த வேகத்தில் தெரியும்.

எதிர்ப்பக்கம் ஜார்ஜ் ஓர். அமெரிக்காவில் மிசிசிப்பி மாநிலத்தின் பிலாக்ஸியில் 1857-இல் பிறந்தவர். பைத்தியக்காரக் குயவன் என்று அவரே தன்னைச் சொல்லிக்கொண்டு ஊரைத் திரும்பிப் பார்க்க வைத்தார். முட்டை ஓட்டு மெலிவில் வனைந்து, அதைத் துணியை முறுக்குவது போல முறுக்கி, கசக்கி, மடித்து நிறுத்தினார். ஒன்றைப் போல இன்னொன்று இல்லை என்பது அவர் கொள்கை. 1894-இல் பட்டறை தீப்பிடித்து எரிந்தபோது, கருகிப்போன பாத்திரங்களைத் தூக்கி எறியாமல் என் எரிந்த குழந்தைகள் என்று சொல்லிப் பத்திரப்படுத்தினார். அவருடைய ஆளுமை அந்த முறுக்கலில்தான் இருக்கிறது என்று சொல்வார்கள். நான் அதைக் கொஞ்சம் தள்ளிவைத்துத்தான் ஒத்துக்கொள்வேன். முறுக்குவது யாருக்கும் வரும், என் பானைகள் தாமாகவே முறுக்கிக்கொண்டன. முறுக்கும் அளவுக்கு மெலிந்தும், முறுக்கிய பிறகு சரியாமலும் நிற்கிற சுவரை இழுக்கப் பல வருடம் உட்கார வேண்டும். சின்னக் குழந்தை அழுகிற அழுகையில் குரல் தெரியும், பேச்சு தெரியாது. மண்ணிலும் கை பழகும் வரை அப்படித்தான். தொடக்கத்தில் எல்லோருடைய பானையும் ஒரே மாதிரிதான் கோணலாக இருக்கும். அதைப் பார்த்து நீ அவசரக்காரி, நீ பயந்தவன் என்று சொல்வதில் ஒன்றும் இல்லை.

அறுத்துப் பார்த்தது

இதெல்லாம் படித்துத் தெரிந்தது. என் விஷயத்துக்கு வருகிறேன்.

ஒருநாள் டீச்சர், "இன்னிக்கு ஆளுக்குப் பத்து சிலிண்டர். பத்தையும் நடுவுல அறுத்துப் பாருங்க" என்றார். சிலிண்டர் என்றால் குழாய் மாதிரி நேராக எழுப்பும் பாத்திரம். வனைந்ததும் கம்பியை நெட்டுக்குத்தாக இறக்கி இரண்டாகப் பிளந்தால் சுவரின் கனம் அப்பட்டமாகத் தெரியும். வெளியிலிருந்து அழகாகத் தெரிவது உள்ளே என்ன என்று ஒளிக்க முடியாது. நல்ல பயிற்சி. எல்லோரும் வனைவதும் அறுப்பதும் பிசைவதுமாக வேலையில் மும்முரமாக இருந்தார்கள். அந்தப் பெண் பேசிக்கொண்டே ஏழெட்டை அறுத்துத் தள்ளிவிட்டாள். அடி எல்லாருக்கும் தடிமன், அது புதியவர்கள் எல்லோருக்கும் பொது. ஆனால் அவளுடையதில் எங்கெங்கே கை வேகமாகப் போனதோ அங்கெல்லாம் ஒரு மேடு. பெரியவருடையது ஒரு பக்கம் கொஞ்சம் தடித்து, மறுபக்கம் கொஞ்சம் மெலிந்து, பத்தும் ஒரே மாதிரித் தவறியிருந்தன. நான் மூன்றாவது சிலிண்டரிலேயே இருந்தேன். முதல் இரண்டையும் அறுக்காமல் பலகையில் வைத்திருந்தேன்.

"ஏன் அறுக்கலை?" என்று டீச்சர் கேட்டார். நன்றாக வந்திருக்கிறது, இன்னும் கொஞ்சம் சரி செய்தால் வைத்துக்கொள்ளலாம் என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் நின்றார். நான் மூன்றாவதன் விளிம்பை ஈரப் பஞ்சால் தடவிக்கொண்டிருந்தேன். ஒரு சின்ன அலை தெரிந்தது. தடவினேன். குறைந்தது. இன்னொரு பக்கம் தெரிந்தது. கொஞ்சம் தண்ணீர் தொட்டுத் தடவினேன். சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. தண்ணீர் குடிக்கக் குடிக்க மண் பலம் இழந்துகொண்டே வரும் என்று எனக்குத் தெரியும், முதல் வகுப்பிலேயே சொன்னது. ஆனால் விரல் எடுபடவில்லை. அப்போது விளிம்பு ஒரு துடிப்புத் துடித்தது. மீன் வால் அடிப்பது மாதிரி. அப்படியே ஒரு பக்கம் மடிந்து, சுவரையும் இழுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான்.

எனக்கு அந்த இடத்தில் தம்பியின் குரல் கேட்டது. வேறு ஊருக்கு வேலைக்குப் போன முதல் வருடம், தினமும் ராத்திரி அவனைக் கூப்பிடுவேன். சாப்பிட்டாயா, தூங்கினாயா, அந்த மேலதிகாரி இன்றைக்கு என்ன சொன்னார். அவன் சரியாகிவிட்டான், எனக்குத் தெரியும், குரலிலேயே தெரியும். ஆனாலும் கேட்டுக்கொண்டே இருப்பேன். சொல்லி முடித்த பிறகும் வேறு ஏதாவது சொல்லிப் போனை வைக்காமல் பார்த்துக்கொள்வேன். ஒருநாள் அவன் ரொம்ப மென்மையாக, "அக்கா, நான் நல்லாத்தான் இருக்கேன். விடுக்கா" என்றான். அதற்குப் பிறகு அவன் கூப்பிடுவது குறைந்துபோனது. அம்மா உடம்பு முடியாமல் இருந்தபோதும் அப்படித்தான். தூங்குகிறவளை எழுப்பித் தலையணையைச் சரி செய்திருக்கிறேன். யார் மேலும் பாசம் குறைந்து நான் தவறு செய்ததில்லை. சரியாகிவிட்ட ஒன்றிலிருந்து கையை எடுக்கத் தெரியாமல் செய்த தவறுகள் நிறைய. இதை யாரும் என்னிடம் சொன்னதில்லை. மடிந்து கிடந்த அந்த மண்ணைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கண் கலங்கிவிட்டது.

டீச்சர் அதைக் கவனித்தாரா தெரியவில்லை. மண்ணை வழித்து எடுத்துவிட்டு ஒரு புது உருண்டையை வைத்தார். "வனைங்க. விளிம்பு வந்ததும் நான் சொல்வேன். சொன்ன உடனே எழுந்து நின்னுடுங்க. சக்கரத்தை நிறுத்த வேண்டாம்." மையம் பிடித்தேன், திறந்தேன், மூன்று இழுப்பில் சுவர் எழுந்தது. நீளமாக வெட்டிய மெல்லிய தோல் துண்டை விளிம்பில் மடித்துப் பிடித்தேன். ஒரு சுற்று, இரண்டு சுற்று. "எழுந்திருங்க." எழுந்துவிட்டேன். கை இரண்டும் சேறாகக் காற்றில் தொங்கின. சக்கரம் தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. அதன்மேல் அந்த சிலிண்டர், விளிம்பில் ஒரு சின்ன அலையோடு. அந்த அலையை நான் பார்த்தேன். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை அது என் பக்கம் வந்து போனது. விரல் நுனியெல்லாம் ஊறியது. உட்கார்ந்து ஒரே ஒரு தடவு தடவினால் போதும் என்று உடம்பு முழுக்கச் சொன்னது. டீச்சர் பக்கத்திலேயே நின்றார், அவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஒரு நிமிடம்தான் இருக்கும். பிறகு அவர் குனிந்து சக்கரத்தை நிறுத்தினார். அது விழவில்லை. நான் இல்லாமல் நின்றுகொண்டிருந்தது.

அதை அறுக்கச் சொன்னார். அறுத்தேன். சுவர் அடியிலிருந்து விளிம்பு வரை ஏறக்குறைய ஒரே கனம்.

சூளைக்குள் வைத்த பிறகு

சூளைக்குள் போய்விட்ட பிறகு யாருடைய சுபாவமும் அங்கே செல்லாது என்பது எனக்கு இப்போது பெரிய ஆறுதல். 573 டிகிரியில் மண்ணிலிருக்கும் குவார்ட்ஸ் என்கிற கனிமம் சட்டென்று விரியும், ஆறும்போது அதே இடத்தில் சட்டென்று சுருங்கும். அந்த இடத்தை அவசரமாகத் தாண்டினால் பாத்திரம் விரிசல் விடும். நன்றாக வெந்து ஆறுவதற்குள் கதவைத் திறந்தால் குளிர்காற்று பட்டு டிங் என்று ஒரு சத்தம் கேட்கும், அது யாருடைய பாத்திரமாகவும் இருக்கலாம். முன்பெல்லாம் சூளைப் பக்கம் போய்ப் போய்ச் சூடு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். இப்போது அந்த அறைக்குப் போவதில்லை. பார்க்கக் கூடாது என்று பிடிவாதம் ஒன்றும் இல்லை, போகத் தோன்றவில்லை. ஒரு ஆள் பானையில் தெரிகிறார் என்பதைவிட, பானை திரும்பி ஒரு ஆளைக் கொஞ்சம் வனைகிறது என்பதுதான் எனக்கு நடந்தது. எவ்வளவு, எவ்வளவு நாளைக்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். ஒரே பானை, ஒரே தண்ணீர், ஒரே தீ, அதனால் ஒரு சோறு போதும். மனுஷனுக்கு அப்படி ஒரு கிண்ணம் போதுமா என்பதில் எனக்கு இன்னும் சந்தேகம்தான். பெரியவரிடம் இதைச் சொன்னபோது அவர், "ஒண்ணு போதாதும்மா. ஆனா பத்து பார்த்தா தெரிஞ்சிடும்" என்றார். அவர் முன்பு என்ன வேலை பார்த்தார் என்று நான் கேட்டதில்லை. கேட்கவும் வேண்டாம் என்று வைத்திருக்கிறேன்.

போன மாதம் மறுபடியும் அதே பயிற்சி. அதே 500 கிராம், அதே குச்சி, அதே அளவு. எட்டில் இரண்டு பேர் புதியவர்கள். இந்த முறை கிளேஸும் பூசி, எல்லாம் ஒரே வெள்ளை, சுட்டு எடுத்தே வரிசையில் வைத்தார்கள். சுருங்கியதில் 14 சென்டிமீட்டர் வாய் பன்னிரண்டரைக்கு வந்திருந்தது. என் கிண்ணத்தின் விளிம்பு கொஞ்சம் தடிமன், கொஞ்சம் அலை, உள்ளே சுருள் ஒரே சீராக ஏறி மேலே சட்டென்று முடிகிறது. நான் விளிம்பில் இரண்டே சுற்றுத்தான் நின்றேன், டீச்சர் சொல்லாமலேயே எழுந்தேன். பெரியவரைக் கூப்பிட்டு, "இப்போ சொல்லுங்க சார்" என்றேன். உள்ளுக்குள் அவர் தவற வேண்டும் என்று ஆசையாக இருந்தது.

அவர் விளிம்புகளைப் பார்த்தார். உள்ளே விரல் விட்டுப் பார்த்தார். என்னுடையதைத் தொட்டார், நகர்ந்தார், நான் மூச்சை விட்டேன். அப்புறம் ஒவ்வொன்றாகக் கவிழ்க்க ஆரம்பித்தார். அடியில் பெயர் கிளேஸுக்குள் மறைந்திருந்தது. என்னுடையதைக் கவிழ்த்ததும் அடிவளையத்தில் கட்டைவிரலை வைத்து ஒரு சுற்றுச் சுற்றினார். முகம் மலர்ந்துவிட்டது.

"இதான் உங்களோடது."

மற்ற ஏழின் அடிவளையமும் சுரண்டிச் செதுக்கியபடி கொஞ்சம் சொரசொரப்பாக இருந்தன. என்னுடையதில் ஓரம் எங்கும் கூர்மை இல்லை. தோல் மாதிரி விறைக்கும் பதத்துக்குக் காய்ந்தபோது செதுக்கியிருந்தேன், பிறகு ஈரப் பஞ்சால் தடவியிருந்தேன், நன்றாகக் காய்ந்த பிறகு விரலால் தேய்த்திருந்தேன், சூளையிலிருந்து வந்ததும் உரசு காகிதத்தால் மறுபடி. எப்போது இத்தனையும் செய்தேன் என்று எனக்கே நினைவில்லை.

"மேல விட்டுட்டீங்க. கீழ பிடிச்சுக்கிட்டீங்க" என்றார். கிண்ணத்தை என் கையில் கொடுத்தார்.

வாங்கி மேசையில் வைத்தேன். மற்றவர்கள் தங்கள் கிண்ணங்களை எடுத்து எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்கள், ஒவ்வொன்றும் மரத்தில் கரகரவென்று உரசியது. என்னுடையதைக் கொஞ்சம் தள்ளிப் பார்த்தேன். சத்தமே வரவில்லை.